மிர்சாபூர் கடிகாரம்

மார்ச் 9, 2025. ஞாயிறு. மாலை 5.40.

இன்று அம்மாவிடமிருந்து வந்த வீடியோக்கள்: ஏழு.

முதலாவது காலை ஆறரைக்கு. இரண்டாவது நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தத் தோசையைச் சுட்டுக்கொண்டே அனுப்பியது. அடுப்புக்கும் எனக்கும் நடுவில் எட்டடி கூட இருக்காது. வாயைத் திறந்து சொல்லலாம். வாட்ஸப்பில்தான் வருகிறது.

ஏழும் ஒரே சரக்கு. பூமி உருண்டை இல்லையாம், தட்டையாம். நிலாவுக்குப் போனது ஸ்டுடியோவில் எடுத்த படமாம். விமானத்தில் ஜன்னலைச் சின்னதாக வைப்பதே நமக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானாம். சொல்கிறவன் கோட்டு போட்டிருக்கிறான். பின்னால் யாரோ செத்துப்போன மாதிரி ஒரு வயலின். எல்லாம் முடிந்ததும் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி: "நீங்கள் பார்த்தீர்களா?"

அனுப்புவது வேறு யாராவது என்றால் பிளாக் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அனுப்புவது கனகவல்லி டீச்சர். கீழ்க்கட்டளையில் பாதித் தெருவுக்குப் பூகோளம் நடத்தியவள். முப்பத்தொரு வருஷம் உலக உருண்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனவள். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம்கூட முழுதாக முடியவில்லை.

"ஏம்மா, இதையெல்லாம் நம்புறியா?"

"நம்பலடா. கேட்டுட்டிருக்கேன்."

"எதுக்குக் கேக்கணும்?"

"கேட்டா காது தேய்ஞ்சிடுமா? இன்னொரு தோசை வைக்கட்டா, போதுமா?"

ஜோக் அடிக்கிறாள். அதுவரைக்கும் நல்லது.

மார்ச் 12

அண்டார்டிகா ஒரு கண்டமே இல்லையாம். மதில் சுவராம். கடல் வழிந்துவிடாமல் இருக்க.

மார்ச் 14. வெள்ளி.

கம்பெனியில் மூன்று ஷாஃப்டை ரிஜெக்ட் பண்ணினேன். மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும். திருமுடிவாக்கத்தில் எங்களுடையது பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டு, அதான் ஷாஃப்ட், செய்கிற சின்ன யூனிட். நான் குவாலிட்டி. என் வேலை எளிது: அளந்து பார், சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. நடுவில் மஞ்சள் கிடையாது. உலகமும் இப்படி இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்.

லேத் ஓட்டுகிற சவுரிமுத்து அண்ணன் டீ குடிக்கும்போது கேட்டார்.

"இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாரி கீது?"

சொன்னேன்.

"தட்டையா? சேச்சே. எல்லாம் புருடா. படிச்சவங்கதான் இப்டி ஏமாந்துகினு திரியறாங்க. அம்மாவுக்கு நல்லா எடுத்துச் சொல்லு."

அப்பாடா, ஒருத்தராவது என்று நினைத்தேன். டீ கிளாஸை வைத்துவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஆனா இந்த முட்டை கீது பாரு, பாதி பிளாஸ்டிக்கு. அது நெஜம். எங்க வூட்ல வாங்கறதையே வுட்டாச்சி."

மார்ச் 16. ஞாயிறு.

ரத்தினபாய் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர், இப்போது அதே பள்ளிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ். சோஷியல் எடுக்கும் டீச்சர் பிரசவ லீவில் போகிறாளாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் ஆள் வேண்டும்.

"கனகா, வெளியில இருந்து ஒரு புது ஆளைக் கூட்டிட்டு வந்து நான் மாரடிக்க முடியாது. நீ வந்துடு."

அம்மா முகத்தைப் பார்த்தேன். அப்பா போனதிலிருந்து அவள் காய் வாங்கவும் கோயிலுக்கும் தவிர எங்கும் போவதில்லை. மாலை நாலரை மணிக்கு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, பால்கனியில் வந்து நிற்பாள். யூனிஃபார்ம் பிள்ளைகள் போய் முடிகிறவரைக்கும் நிற்பாள். இந்தக் கேள்வி முடிவதற்குள் "வரேன்" என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன் ரத்தினம்."

டீச்சர் போனதும் கேட்டேன். என்ன யோசனை?

"ஆறாவதுல முதல் பாடமே அதானேடா."

"எது?"

"பூமி கோள வடிவமானது."

"அதுக்கென்ன?"

"முப்பத்தொரு வருஷம் சொல்லிக் குடுத்தேன். நான் பார்த்தேனா? புக்ல இருந்துச்சு, சொன்னேன். அவனுக்கு எவனோ சொல்லிருக்கான், அவன் சொல்றான். எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் என்னன்னா, அவன் முட்டாள்."

"அது பதில் இல்லடா லோகு."

பதில் இல்லைதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ?

மார்ச் 23. ஞாயிறு.

இன்று நிரூபித்துவிடுவது என்று முடிவு. கப்பல் தொலைவில் போகும்போது முதலில் அடிப்பாகம் மறையும், கடைசியில் உச்சி மறையும். கண்ணால் பார்த்தால் முடிந்தது. அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை கடற்கரை. நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம்.

கப்பல் வரவில்லை.

ஒரு மீன்பிடி படகு போனது. சின்னதாகி, புள்ளியாகி, காணாமல் போனது. "பாத்தியா!" என்றேன். அம்மா ஃபோனை எடுத்து ஜூம் பண்ணினாள். படகு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. கொடி, வலை, உட்கார்ந்திருந்த ஆள், எல்லாம்.

"மறைஞ்சது வந்துடுச்சே?"

"அது இன்னும் தொடுவானத்தைத் தாண்டலம்மா! கண்ணுக்குச் சின்னதாயிடுச்சு, அவ்ளோதான்! கப்பலா இருந்தா வேற!"

"கப்பல் எப்ப வரும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஹார்பர் மாஸ்டரா?"

பக்கத்தில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இருட்டும்வரை இரண்டு மாங்காய்ப் பத்தை, ஒரு சோளம். கடலில் புகை மூட்டம் மாதிரி இருந்தது. தொடுவானமே தெரியவில்லை.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நல்லா இருந்துச்சுடா. அடுத்த ஞாயித்துக்கிழமையும் எதையாவது நிரூபிக்கக் கூட்டிட்டுப் போ."

மார்ச் 29. சனி.

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தாள். செயற்கைக்கோள் எதுவும் மேலே இல்லையாம், எல்லாம் பலூனாம். எனக்கு இரண்டு ஷிஃப்ட் பார்த்த அலுப்பு. "இந்த மூளைய வச்சிக்கிட்டா முப்பது வருஷம் பாடம் நடத்துன? எத்தனை புள்ளைங்க கெட்டுச்சோ" — சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சு. சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே தெரிஞ்சிடுச்சு, திரும்ப எடுக்க முடியாதுன்னு.

அம்மா கோபப்படவில்லை. "அதான் நானும் யோசிக்கிறேன்" என்றாள். எனக்கு ரசம் ஊற்றினாள்.

அதற்குப் பதில் அவள் ஒரு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 2

பிரச்சினையை வேரோடு எடுத்தாயிற்று. அம்மா குளிக்கப் போனபோது அவள் ஃபோனை எடுத்தேன். பின் நம்பர் என் பிறந்த நாள். யூடியூபில் பார்த்த வரலாறு முழுவதும் அழிப்பு. கோட்டுப் போட்டவன் உள்பட பதினோரு சேனல்கள், "பரிந்துரைக்க வேண்டாம்". பதிலுக்கு நாலு சமையல், ஒரு பழைய பாட்டு, யானைக் குட்டி. மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

பச்சை ஸ்டிக்கர்.

ஏப்ரல் 6. ஞாயிறு.

கண்டுபிடித்துவிட்டாள்.

"என் ஃபோன்ல யானையா வருது. நீயா பண்ணுன?"

பொய் சொல்ல எனக்கு வராது. "ஆமா. உன் நல்லதுக்குத்தான்."

அம்மா ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் ஒரு வீடியோல சொன்னான். 'நீங்க உண்மையைத் தேட ஆரம்பிச்சா, உங்க வீட்ல இருக்கிறவங்களே உங்ககிட்டேருந்து மறைப்பாங்க'ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க வீட்ல அப்படிக் கிடையாதுப்பா, என் புள்ள முகத்துக்கு நேரா திட்டுவான், மறைக்க மாட்டான்னு நினைச்சேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த ஆள் சொன்னதில் உண்மையான ஒன்றே ஒன்று. அதை உண்மையாக்கியது நான்.

ஏப்ரல் 8

பேசவில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. கோபத்திலும் அவளுக்கு உப்பு தப்பாது.

ஏப்ரல் 10

வாட்ஸப்பில் ஒன்றும் வரவில்லை. மதியம் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். தட்டையாகவே ஏதாவது அனுப்பினால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 13. ஞாயிறு.

நாளைக்கு வருஷப் பிறப்பு. பச்சடிக்கு வேப்பம்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் ஃபோனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"பிளாக் பண்ணதையெல்லாம் எடுத்துட்டேன். உன்னைக் கேக்காம இனிமே தொட மாட்டேன். அன்னைக்குச் சொன்னதும் தப்பு. ரெண்டுமே தப்பு."

"ரெண்டாவதுதான் பெருசு" என்றாள். எது இரண்டாவது என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் பூவை என் பக்கம் தள்ளினாள். நானும் காம்பு கிள்ள ஆரம்பித்தேன்.

பிறகு, பூவைப் பார்த்துக்கொண்டே:

"ஆஸ்பத்திரியில அன்னிக்கு சாயங்காலம் உங்கப்பா மூச்சு வாங்குதுன்னாரு. காலையில டாக்டர் வந்து எல்லாம் நார்மல், நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. நான் இவரைத்தான் அதட்டினேன். 'அவ்ளோ படிச்சவர் சொல்றாரு, உங்களுக்கு அவரைவிடத் தெரியுமா, பேசாம படுங்க'ன்னேன். படுத்தாரு. விடியறதுக்குள்ள போயிட்டாரு."

நான் கிள்ளுவதை நிறுத்திவிட்டேன்.

"தெரிஞ்சவங்க சொன்னா சரியா இருக்கும். அதைத்தானடா புள்ளைங்களுக்கு முப்பத்தொரு வருஷமா வேற வேற பேருல சொன்னேன்? அதுக்கப்புறம் யாரு எதைச் சொன்னாலும், இவங்களுக்கு நெஜமாவே தெரியுமா, இல்ல சும்மா சொல்றாங்களான்னுதான் தோணுது. வீடியோல அவன் அதே கேள்வியக் கேட்டான். என்னால வேற பக்கம் திரும்ப முடியல."

அந்த டாக்டர் எனக்கும் அதையேதான் சொன்னார். நானும் நம்பித்தான் வீட்டுக்கு வந்து தூங்கினேன். அதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

அப்பா போய் ஒன்றரை வருஷம். அன்றைய ராத்திரியைப் பற்றி நாங்கள் பேசுவது இதுதான் முதல் தடவை. கதிரேசன் என்கிற ஒருத்தர் இந்த வீட்டில் இருந்தார் என்பதையே இரண்டு பேரும் போட்டோவோடு விட்டுவிட்டோம். நான் கப்பலைக் காட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய இஞ்சினியர்!

ஏப்ரல் 20. ஞாயிறு.

பேப்பரில் போட்டிருக்கிறான். வருகிற வியாழக்கிழமை நம் ஊரில் நிழல் இல்லாத நாள். நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக நிற்கிற எதற்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. வருஷத்தில் இரண்டே நாள்.

அம்மாவிடம் சொன்னேன். "நீயே பார்த்துக்கோ" என்றாள். சரி.

ஏப்ரல் 22

ரிஜெக்ட் பெட்டியிலிருந்து ஒரு ஷாஃப்ட் எடுத்தேன். அரை மீட்டர் நீளம். பம்புக்கு ஆகாது, நிழலுக்கு ஆகும். சவுரிமுத்து அண்ணன் அடியை நன்றாக நேராகச் சீவி, ஒரு தகட்டில் நட்டுக் கொடுத்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"பூமி உருண்டைன்னு காட்ட."

"இத்த வச்சா? சரி, எடுத்துனு போ. கேட்டுல செக்யூரிட்டி கேட்டா எம் பேரைச் சொல்லாத."

ஏப்ரல் 24. வியாழன்.

ஆபீசில் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு மொட்டை மாடியில் இருந்தேன். தரை கொதித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சமமான இடம் பார்த்துத் தகட்டை வைத்து, ரசமட்டம் வைத்து, நாலு பக்கமும் சரிபார்த்தேன். கம்பெனியில்கூட இவ்வளவு பார்ப்பதில்லை.

அந்தப் பக்கம் அம்மாவின் வடகம் ஒரு பழைய வேட்டியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திருப்பிப் போட வந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதாவது, பார்க்காத மாதிரி.

பன்னிரண்டு அடித்தது. நிழல் இருந்தது. மேற்குப் பக்கமாக ஒன்றரை சென்டிமீட்டர், கறுப்பாக, அசையாமல்.

மறுபடி மட்டம் பார்த்தேன். சரியாக இருந்தது. நிழலும் இருந்தது. பன்னிரண்டு ஒன்று. எனக்கு உடம்பெல்லாம் எரிச்சல். பேப்பர்க்காரனைத் திட்டினேன். தகட்டைக் காலால் தள்ளப் போனேன்.

"மணி என்ன?"

அம்மா. கையில் வடகம்.

"பன்னெண்டு தாண்டிடுச்சு. எல்லாம் வேஸ்ட்டு. போட்டவனுக்கும் அறிவில்ல, நம்பினவனுக்கும் அறிவில்ல."

"யாரு மணி?"

"யாரு மணின்னா? என் மணிதான். ஃபோன்ல பாரு, செகண்டோட காட்டுது."

"அது மிர்சாபூர் மணிடா."

நான் முழித்தேன்.

"உன் ஃபோனு, என் கடிகாரம், ரயில்வே ஸ்டேஷன், எல்லாமே மிர்சாபூர் மணி. எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்க ரேகை அங்கதான போகுது? அங்க உச்சி வெயில் வந்தா நாடு மொத்தத்துக்கும் பன்னெண்டுன்னு வச்சிருக்கோம். நாம அதுக்கு மேற்க இருக்கோம். சூரியன் நம்மகிட்ட வர நேரம் ஆகும். எட்டாவதுல உனக்கே நான்தான் நடத்தினேன். எங்க பார்த்துட்டிருந்த?"

வடகத்தை வேட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கணக்குப் போட்டாள், விரலில். "நாம எண்பது டிகிரி சொச்சம். வித்தியாசம் ரெண்டேகாலுக்கு மேல. டிகிரிக்கு நாலு நிமிஷம். ஒன்பது நிமிஷம் ஆகும். உக்காரு. அவசரத்துக்குப் பொறந்தவனே."

உட்கார்ந்தோம். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். நிழல் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் குறைந்துகொண்டே இருந்தது. தடிமனாக, பிறகு கோடாக, பிறகு ஷாஃப்டின் காலடியில் ஒரு நகக்கண் அளவு. பிறகு அதுவும் இல்லை. அம்மா கீழே குனிந்து சுற்றிவந்து நாலு பக்கமும் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் குழாய்க்கும் நிழல் இல்லை. எங்கள் நிழல் எங்கள் காலுக்கடியிலேயே கிடந்தது.

"அம்மாடி" என்றாள். சின்னப் பெண் மாதிரி. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவைகூட மாடிக்கு வந்து பார்க்கலையே நான்."

பிறகு அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"டேய், பன்னெண்டு ஏழுதான் ஆவுது. நான் ஒன்பதுன்னு சொன்னேன்."

"அட, ரெண்டு நிமிஷம்தானம்மா. விடு."

"எப்படி விடறது? அந்த ரெண்டு நிமிஷம் எங்க போச்சு?"

ஃபோனில் தேடினால் பத்து செகண்டில் வந்துவிடும். கை பைக்குள் போயிற்று. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, தேடாமலேயே கையை வெளியே எடுத்தேன்.

படியில் இறங்கும்போது திரும்பிச் சொன்னாள்: "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இதனால உருண்டைன்னு ஆயிடாது. சூரியன் கிட்டத்துல ஒரு பல்பு மாதிரி தொங்கினாலும் இப்படித்தான் இருக்கும்."

ஐயோ!

சிரித்தேன். வேறு என்ன செய்வது? வெயிலில் மண்டை காய்ந்து, இரண்டு மணி நேரப் பெர்மிஷன் போட்டு, நானே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 26

வாட்ஸப்பில் ஒன்று வந்தது. ஏதோ ஒரு வானியல் வகுப்பின் வீடியோ. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருஷம் முழுக்க ஒன்றில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் உச்சிவேளை கொஞ்சம் முன்னே பின்னே தள்ளுமாம். கீழே அம்மா எழுதியிருந்தாள்: "ரெண்டு நிமிஷம் கிடைச்சிடுச்சு."

ஏப்ரல் 27

ரத்தினபாய் டீச்சர் ஃபோன். அம்மா இன்னும் "யோசிக்கிறேன்" என்றுதான் சொன்னாள்.

மே 4. ஞாயிறு.

வீட்டுக்கு வந்தால் சமையல் மேடையில் கவிழ்த்துப்போட்ட தோசைக்கல், பக்கத்தில் ஒரு முழுத் தர்பூசணி. இரண்டிலும் தீக்குச்சி குத்தி நிற்கிறது. தோசைக்கல்லில் சப்பாத்தி மாவை உருட்டி வைத்து அதில் குத்தியிருந்தாள். லைட்டை அணைத்துவிட்டு என் டார்ச்சைக் கையில் பிடித்திருந்தாள்.

"இங்க வா. ரெண்டு குச்சி மட்டும் வச்சுக்கோ. ஒண்ணுக்கு நிழல் இல்ல, இன்னொண்ணுக்கு இருக்கு. தர்பூசணியில டார்ச்சு தூரத்துல இருந்தா இப்படி வருது. தோசைக்கல்லுல டார்ச்சைக் கிட்டத்துல புடிச்சா — பாரு — அதே நிழல். ரெண்டு குச்சியை வச்சு யாரு வேணா என்ன வேணா சொல்லிட்டுப் போலாம்."

"அப்ப?"

"மூணாவது குச்சி வை. உருண்டைல விழற அதே மூணு நிழல் கல்லுலயும் விழணும். கல்லுல டார்ச்சை எங்க புடிச்சாலும் ரெண்டு சரியா வந்தா மூணாவது மாட்டிக்குது. அரை மணி நேரமா புடிச்சுப் பார்க்கறேன், கை வலிக்குது."

வாங்கி நானும் பிடித்துப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் உயரத்தில். வரவில்லை. எனக்கும் கை வலித்தது.

"சரி, உருண்டைன்னு ஒத்துக்கறியா?"

"இது தர்பூசணி. பூமிய இன்னும் அளக்கலயே. உன் அக்கா தீபா நாகர்கோவில்ல இருக்கா. என் ஸ்டூடண்ட் சாமுண்டீஸ்வரி நாக்பூர்ல பேங்க்ல இருக்கா. நாம நடுவுல. ஒரே நாள், அவங்கவங்க உச்சிவேளைக்கு அளந்தா போதும்."

என் அக்காவுக்கு உச்சி வெயிலில் மாடிக்குப் போவது என்றால் என்னவென்றே தெரியாது. அவளைச் சம்மதிக்க வைப்பதுதான் பூமியை உருண்டை என்று நிரூபிப்பதைவிடக் கஷ்டம்.

குச்சிகளைப் பிடுங்கிவிட்டுத் தர்பூசணியை வெட்டினோம். கந்தக வாசனை லேசாக அடித்தது. "கழுவினேன்டா" என்றாள். தின்றுவிட்டோம்.

மே 11

கோட்டுப் போட்டவன் புதிதாக ஒரு வீடியோ போட்டிருக்கிறான். அம்மாவே காட்டினாள். முழுவதும் பார்த்தாள். "இவன் ஒரு தடவைகூட எதையும் அளக்கலடா. கேள்வி நல்லாத்தான் கேக்கறான். அதோட எழுந்து போயிடறான்" என்றாள். திட்டவில்லை. கிளாஸில் பதில் தெரியாத பையனைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மே 18. ஞாயிறு.

ரத்தினபாய் டீச்சர் மறுபடி ஃபோன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வர்றியா, வரலியா கனகா? நான் வேற ஆள் பார்க்கணும்."

"வந்தா ஒரு கண்டிஷன் ரத்தினம். எனக்கு எது தெரியும், எதை நான் நம்பி மட்டும் வச்சிருக்கேன்னு பிரிச்சுச் சொல்லித்தான் நடத்துவேன்."

"பரீட்சைக்கு வருமா அது?"

"வராது."

"அப்ப அதைச் சீக்கிரம் முடிச்சிட்டுப் பாடத்துக்கு வா. என்னிக்குச் சொல்லுவ?"

"ஒண்ணாந்தேதி."

"ரெண்டாந்தேதி ஸ்கூலுடி!"

அம்மா சிரித்தாள். ஆனால் வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். நான் தோலைக் கூட்டி அள்ளினேன். எதுவும் சொல்லாமல் இருப்பது எனக்கு ஓவர்டைம் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

மே 25. ஞாயிறு.

மாலை நாலரைக்குப் பால்கனியில் நின்றோம். விடுமுறை, தெருவில் பிள்ளைகள் இல்லை. பழக்கம்.

"பயமா இருக்குடா" என்றாள்.

"பாடம் நடத்தவா?"

"நின்னா அத்தனையும் என் வாயைப் பார்க்கும். நான் சொன்னா சரின்னு எடுத்துக்கும். உங்கப்பா எடுத்துக்கிட்ட மாதிரி."

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். "அப்பா உன்னைத் திருப்பிக் கேக்கலம்மா. புள்ளைங்க கேப்பாங்க. நீ கேக்கச் சொன்னா கேப்பாங்க."

கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, டிரைவர் எங்கள் கேட்டை இடித்துவிடுவானோ என்று இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். இடிக்கவில்லை.

"அந்த டாக்டரைப் போய்ப் பார்க்கணும்" என்றாள். "சண்டை போட இல்ல. அன்னிக்கு ராத்திரி இவருக்கு என்ன ஆச்சு, முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்க முடியுமா. ஒரே ஒரு தடவை கேக்கணும். அதைக் கேக்கத் தைரியம் இல்லாமத்தான் பூமியைப் புடிச்சுக்கிட்டேனோ என்னமோ. அது பெருசு, நம்மைத் திருப்பிப் பார்க்காது."

"அவரு என்ன சொன்னாலும் பரவாயில்லையா?"

"தெரியல. கூட வருவியா?"

ஜூன் 1. ஞாயிறு.

காலையில் அம்மா கடைக்கு அனுப்பினாள்: தீப்பெட்டி ஆறு, களிமண் இரண்டு பாக்கெட். எதற்கு என்று கேட்கவில்லை. மதியம் தூங்கி எழுந்து பார்த்தால், காட்டன் புடவை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்குகிறது. ஆரஞ்சுக் கரை வைத்த சாம்பல் நிறம். ஹாலில் ஃபோன் பேசும் சத்தம்.

"ஆமா ரத்தினம்... மூணு கிளாஸுக்கும் சேர்த்துத்தான். ... இல்ல, உருண்டை வேணாம், அது பீரோவுலயே இருக்கட்டும். எனக்கு மைதானம் குடு. முதல் பீரியடு, வெயில் வந்ததும். ... ஏண்டி, பத்து நிமிஷம் வெயில்ல நின்னா கறுத்தா போயிடுவாங்க?"

என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். இப்போது பேச்சு மருமகள்களைப் பற்றிப் போய்விட்டது, எனவே முடிய நேரமாகும்.

நான் செய்ய வேண்டியவை:

1. நாளை எட்டு மணிக்கு அம்மாவைப் பள்ளி வாசலில் இறக்கிவிட வேண்டும். வழியில் எதையும் விளக்கக் கூடாது.

2. அரை மீட்டரில் இன்னும் இரண்டு ஷாஃப்ட். மேனேஜரிடம் கேட்டு வாங்க வேண்டும், செக்யூரிட்டிக்குத் தெரியாமல் இல்லை. ஒன்று நாகர்கோவிலுக்கு, ஒன்று நாக்பூருக்குக் கூரியர்.

3. தீபா அக்காவிடம் ஆகஸ்ட் 18 என்று இப்போதே சொல்லி வைக்க வேண்டும். அன்று மறுபடி நமக்கு நிழல் கிடையாது. மேகம் போட்டால் மறுநாள். அவளுக்கு ஒரு குடையும் அனுப்ப வேண்டும்.

4. அளந்து வருவது எதுவாக இருந்தாலும் அதையே எழுத வேண்டும். எனக்குப் பிடித்த எண்ணை இல்லை.

5. புதன்கிழமை மாலை ஆறரைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மாதான் கேட்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் பாதியில் நிறுத்தினாலும் நான் முடித்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.